அக்காவுக்கு வரைந்த வாய்

தலைக்கு ஒரு முட்டை, உடம்புக்கு ஒரு முட்டை, கைகால்களுக்கு நான்கு கோடு. மனுஷன் என்றால் இவ்வளவுதான் என்று கைபேசிக்குள் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் போட்ட முட்டை கண் மூடித் திறப்பதற்குள் மனுஷியாகி என்னைப் பார்த்துக் கையசைத்தது. நான் போட்ட முட்டை முட்டையாகவே கிடந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்துக் கல்லில் மட்டும்தான். நாற்பத்தொரு வயதில் அந்தக் கல்லில் உட்கார்ந்து, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் முட்டை போடுவதும் அழிறப்பரால் தேய்ப்பதுமாக இருந்தேன். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன தங்கச்சி, கோழிப் பண்ணை வைக்கப் போறியா?" என்று பக்கத்துக் காம்பரா அண்ணன் கேட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். வாயில் எப்போதும் ஒரு கேலி இருக்கும். கைக்கு மட்டும் கேலி தெரியாது. கூப்பிட்டால் ஓடிவரும் கை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கிளினிக்குக்கு இன்னும் பதினான்கு நாள் இருந்தது. அதற்குள் நான் மனுஷர்களை வரையப் பழகியாக வேண்டும். எதற்கு என்று கேட்டால், அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாள் என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாய்க்கு எங்கள் லயத்தில் உதாரணம் காட்டுவதென்றால் என் அக்காவைத்தான் காட்டுவார்கள். பதினெட்டு வயதில் மலைக்குப் போனவள், ஐம்பத்திரண்டு வரைக்கும் கொழுந்து பறித்தாள். பறித்த கொழுந்து ஒரு பங்கு என்றால் பேசிய பேச்சு மூன்று பங்கு. அட்டை கடித்துவிட்டது என்று யாராவது சிணுங்கினால், "அட்டைக்குத் தெரியுமாடி எது துரை காலு, எது நம்ம காலுன்னு? அது ஒண்ணுதான் நம்மள சமமா பார்க்குது" என்பாள். மழையில் நின்று முணுமுணுக்கிற புதுப்பெண்ணிடம், "மழைக்குப் பயந்தவ மலையில வாக்கப்படக் கூடாது" என்பாள். மலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா நிறுவையில் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்தால் அவருக்கும் ஒன்று வைத்திருப்பாள். பேச்சில் பிழை கண்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. சாமி கும்பிடும்போது பூசாரி ஒரு வரியை விட்டுவிட்டால்கூடப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பாள்.

மாசி மாதம் ஒரு நாள் பகல் நிறுவைக்கு இறங்கி வரும்போது, கூடையோடு அப்படியே பாதையில் சரிந்தாள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை வைத்திருந்து அனுப்பினார்கள். வலது கை, வலது கால் போயிருந்தது. அத்தனை பேச்சும் போயிருந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம்: கொழுந்து. தண்ணீர் வேண்டுமென்றாலும் கொழுந்து. கோபம் வந்தாலும் கொழுந்து. அழுதுகொண்டே கொழுந்து, கொழுந்து என்பாள். தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவளுக்குத் தெரியும். கண்ணைப் பார்த்தாலே தெரியும், உள்ளே எல்லாம் இருக்கிறது. கதவில்தான் பூட்டு.

நான் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். மலைக்குப் போகும் தாய்மார்கள் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பேசத் தெரியாத பிள்ளைக்கு எங்கே நோகிறது என்று கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என் சொந்த அக்காவின் முன்னால் கஞ்சிக் கோப்பையோடு முழித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாளும் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கஞ்சி, ரொட்டியைத் தேநீரில் நனைத்தது, அவளுக்கு உயிரான மாசிச் சம்பல், எதைக் கொண்டுபோனாலும் தலையைத் திருப்பிக்கொண்டாள். நாள் முழுக்கச் சேர்த்து ஒரு பிடிகூட உள்ளே போகவில்லை. தேநீரையும் குறைத்துக்கொண்டாள். டாக்டர் தொண்டையைப் பார்த்து, விழுங்குவதில் கோளாறு இல்லை என்றார். எடை இப்படியே இறங்கினால் அடுத்த கிளினிக்கில் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார். அதைக் கேட்டதும் அக்கா என் சேலை முந்தானையைப் பிடித்த பிடி இன்னும் என் தோளில் இருக்கிறது.

லயத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வாய் கட்டிப்போச்சு என்றார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். "அவ போறதுன்னு முடிவு பண்ணிட்டா புள்ள. பேசாம வாழுறதுக்கு அவளால முடியுமா?" என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. நல்ல மனசோடுதான் சொன்னது. நான் அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ் ஒரு சிங்களப் பிள்ளை. தமிழைத் தேடித் தேடிப் பேசும். அது ஒரு படத்தாள் தந்தது: சாப்பிடுகிற ஆள், குளிக்கிற ஆள், தூங்குகிற ஆள். வேண்டியதைத் தொட்டுக் காட்டினால் போதும். அதில் ஆள் மேசையில் முள்ளுக்கரண்டியோடு சாப்பிட்டான். குளிப்பதற்கு மழை மாதிரித் தண்ணீர் கொட்டுகிற குழாய். அக்கா அதை ஒரு தரம் பார்த்துவிட்டு இடது கையால் தள்ளிவிட்டாள். கைபேசியில் அவளையே படம் எடுத்துக் காட்டலாம் என்று பார்த்தேன். தன் முகத்தைப் பார்த்தவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அன்று முழுக்கப் போர்வையை விலக்கவில்லை.

"அப்ப நீங்களே வரையுங்க அக்கா," என்றது மிஸ் என்னிடம். "கார்ட்டூன் மாதிரி. சின்னதா, லேசா. உங்க வீடு, உங்க உடுப்பு. அவங்களுக்கு அவங்கள தெரியணும்."

லேசாம். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். என் சுவர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு கிடக்கிறது, எனக்கோ சித்திரம் வரவில்லை. முதல் நான்கு நாளில் நான் வரைந்ததைப் பார்த்தால் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைகூட இல்லை. குரங்காவது வந்திருந்தால் வாலைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருப்பேன். கழுத்து வராது. கை இடுப்பிலிருந்து முளைக்கும். உட்கார வைத்தால் விழுந்த மாதிரி இருக்கும். படங்களை மடுவத்துக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் காட்டினேன். அவர்களைவிட நேர்மையான பரீட்சைக்காரர்கள் கிடையாது.

"இது யாரு, சொல்லுங்க பார்ப்போம்?"

"உருளைக்கிழங்கு!" என்றது ஒரு பெண் குழந்தை.

"கிழங்குக்குக் காலு இருக்குமாடி?"

"முளைச்சிருச்சு ஆயம்மா. எங்கம்மா முளைச்சதைத் தூக்கிப் போட்டுரும்."

எல்லாம் சேர்ந்து சிரித்தன. நானும் சிரித்துவிட்டு, மடுவத்துப் பின்பக்கம் போய் நின்றேன். பத்து நாள்தான் மீதி.

விடாமல் வரைந்தேன். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில், உலை கொதிக்கும் நேரத்தில். கையில் பென்சில் இல்லாவிட்டால் விரலால் தொடையில். கைபேசிப் பெண் சொல்வதை மனப்பாடம் செய்தேன்: புருவம் மேலே போனால் ஆச்சரியம், உள்ளே சரிந்தால் கோபம். வாய் மேலே வளைந்தால் சிரிப்பு, கீழே வளைந்தால் கவலை. ஏழாம் நாள் வாக்கில் முட்டைக்கு மூக்கு வந்தது. கொண்டை போட்டதும் பெண்ணானது.

அந்த நாட்களில் ஒன்று, யாரிடமும் சொல்லாதது. அக்கா அன்று தண்ணீரைக்கூடத் தள்ளிவிட்டிருந்தாள். போக வேண்டும் என்றுதான் சொல்கிறாளோ என்று என் மனசு குடைந்தது. கேட்காமல் விட்டால் எப்படித் தெரியும்? தாளை எடுத்தேன். படுத்திருக்கிற ஒரு உருவம், கழுத்தில் மாலை, தலைமாட்டில் விளக்கு, காலடியில் தலைவிரித்து ஒருத்தி. வரைந்து முடித்துப் பார்த்தால், அதுவரை நான் போட்டதிலேயே பார்த்தவுடனே புரிகிற மாதிரி வந்திருந்த முதல் படம் அதுதான். ஒரு கோடு பிசகவில்லை. அடுப்பில் போட்டேன். எரிந்த பிறகும் கரண்டியால் சாம்பலைக் குத்திக் கிளறினேன்.

மற்றப் படங்களை அக்காவிடம் காட்டினேன். சாப்பாடு. "பசிக்குதாக்கா?" தலை அசையவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிற உருவம். "வயிறு நோவுதா?" இல்லை. குளிருகிற உருவம், பல்வலி உருவம், சாமி கும்பிடுகிற உருவம். எல்லாவற்றுக்கும் வெறுமையான ஒரு பார்வை. கக்கூஸ் படத்தை மட்டும் பார்த்த உடனே கவிழ்த்து வைத்தாள். அதற்குத்தான் தினமும் காலையில் கொண்டுபோகிறோமே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நானும் அதைப் படக்கட்டின் அடியில் செருகிவிட்டேன். என் புத்தியை எந்த விளக்குமாற்றால் அடிப்பது!

கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போது, கொழுந்துக்காரி ஒருத்தியை வரைந்தேன். அவளைச் சும்மா சந்தோஷப்படுத்தலாம் என்று. இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் முக்காடு, முதுகில் கூடை. நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு பெருமைகூட வந்தது. அக்கா முன்னால் வைத்தேன். பார்த்தாள். கண் சுருங்கியது. இடது கை விரலால் தாளை ஒரு குத்துக் குத்தினாள்.

"கொழுந்து!" என்றாள், கண்டாக்கையாவிடம் சண்டைக்குப் போகும் குரலில். "கொழுந்து! கொழுந்து!"

"என்னக்கா? கொழுந்துக்காரிதான். நீதான்."

தலையை வேகமாக ஆட்டினாள். என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கினாள். இடது கை, அதுவும் படுக்கையில் கிடந்த கை. பென்சில் உலக்கை மாதிரித் தடுமாறியது. கூடையிலிருந்து ஒரு கோடு கிளம்பி, வளைந்து, நெளிந்து, அந்தப் பெண்ணின் உச்சந்தலையில் போய் நின்றது.

அப்போதுதான் பார்த்தேன். நான் கூடையின் கயிற்றை இரண்டு தோளிலும் போட்டிருந்தேன், பள்ளிக்கூடப் பை மாதிரி. கைபேசிப் பெண் பை மாட்டுவதற்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். லயத்தில் பிறந்து, நாற்பது வருஷம் தலையில் கயிறு போட்ட பெண்களையே பார்த்து வளர்ந்தவள் நான். என் அக்காவின் உச்சியில் கயிறு அழுத்தி அழுத்தி முடி முளைக்காத ஒரு தடம் உண்டு. அதில் தினமும் எண்ணெய் வைக்கிறவளும் நான்தான். கண்ணுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

"ஐயோ, ஆமாக்கா! தலையிலதானே போடணும்!"

அவள் மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பழைய பார்வை. பூசாரிக்கு வரி எடுத்துக் கொடுத்த பிறகு பார்ப்பாளே, அது.

எனக்குள் ஏதோ தட்டியது. இவ்வளவு நாளும் சரியான படத்தைத் தொடு, தொடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். என் அக்கா சரியானதைப் பார்த்து என்றைக்கு வாய் திறந்திருக்கிறாள்? பிழையைக் கண்டால்தானே அவளுக்குப் பேச்சே வரும்.

கட்டின் அடியிலிருந்து கக்கூஸ் படத்தை இழுத்தேன். அதில் வெறும் கதவுதான் இருந்தது. புதுத்தாளில் திரும்ப வரைந்தேன், இந்தத் தடவை ஆட்களோடு, நடக்கிறது நடக்கிறபடி.

நடப்பது என்னவென்றால், கக்கூஸ் லயத்தின் கீழே இருக்கிறது. படி இறங்க வேண்டும். அக்காவைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, பக்கத்துக் காம்பரா அண்ணன் பின்னால் பிடிக்க, நான் முன்னால் பிடிக்க, பீலியைத் தாண்டித்தான் போக வேண்டும். காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்க லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் வாளியோடு நிற்பார்கள். அண்ணன் ஒவ்வொரு நாளும் கத்துவார்: "வழி விடுங்க, வழி விடுங்க! மகாராணி பல்லக்கு வருது!" பீலியே சிரிக்கும். "அக்கா, பெரட்டுக்கா போறீங்க?" என்று, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்தைச் சொல்லி, ஒருத்தி கேட்பாள். அக்காவும் சிரித்தாள். எல்லோரும் பார்த்தோம், வாய் ஒரு பக்கம் மேலே போய்ச் சிரித்தபடிதான் இருந்தாள். நல்லவேளை, சிரிப்பாவது மிஞ்சியிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அதைத்தான் வரைந்தேன். கதிரை, அதில் கொண்டை போட்ட அக்கா. முன்னால் நான். பின்னால் மீசையோடு அண்ணன். மூன்று பேருக்கும் வாய் போட்டேன், மூன்றும் மேலே வளைந்த வாய்.

அக்கா தாளை வாங்கினாள். கவிழ்க்கவில்லை. நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு அழிறப்பரைக் கேட்டாள். கேட்டது என்றால் அதை நோக்கி விரலை நீட்டினாள். கொடுத்தேன். கதிரையில் இருக்கும் அந்த முட்டை முகத்தின் வாயைத் தேய்த்தாள். தாள் கிழிகிற அளவுக்குத் தேய்த்தாள். பிறகு பென்சிலால் அதே இடத்தில் ஒரு கோடு போட்டாள். கீழே வளைந்த கோடு.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வாயின் இடது பக்கம் மேலே இழுத்துக்கொண்டு, எப்போதும்போலச் சிரித்த மாதிரியே இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அது சிரிப்பே இல்லை. அந்த நோய் இழுத்துவைத்த இழுப்பு. இத்தனை நாளும் அந்தக் கோணலைச் சிரிப்பு என்று வாசித்து, நாங்களும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். தினமும் ஒரு ஆம்பளை கையில், ஊர் பார்க்க, அந்தப் பாதையில் போகாமல் இருப்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, உள்ளே எதையும் போடாமல் இருப்பது. சாக இல்லை. செய்வினை இல்லை. மானம்.

"இதுக்காகவாக்கா? இதுக்காகவா சாப்பிடல?"

அவள் தலையை ஆட்டவில்லை. பென்சில் இன்னும் கையில் இருந்தது. அதை நகர்த்தி, முன்னால் கதிரை தூக்குகிற என் உருவத்தின் வாயிலும் அதே மாதிரி ஒரு கோட்டைப் போட்டாள், நான் போட்ட சிரிப்பின் மேலேயே. அண்ணனின் வாயைத் தொடவில்லை. அவர் சிரித்தது உண்மைதானே.

அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். படத்தைக் காட்டினேன். அவர் வாசல் இஸ்தோப்பில் நின்றுகொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிரிக்க வைக்கலாம்னுதானே தங்கச்சி கத்துனேன்."

"தெரியும்ணே. அக்காவுக்கும் தெரியும்."

"அப்புறம் எப்படி நான் அவங்க மூஞ்சில முழிக்கிறது?" என்று உள்ளே போனார். அடுத்த நாள் காலை கதவடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை இருந்தது. நடுவில் வட்டமாக வெட்டி, ஓரம் உடம்பைக் கீறாதபடி பழைய டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தது. ஆளைக் காணவில்லை. அடுப்படி மூலையில் அதைப் போட்டு, கீழே வாளி வைத்து, என் கலியாணச் சேலையைக் குறுக்கே கட்டினேன். வேறு கனமான சேலை என்னிடம் இல்லை.

அன்று பகல் கஞ்சி கொண்டுபோனபோது, அவள் முதலில் அந்தச் சேலையைப் பார்த்தாள். பிறகு கோப்பையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பாதி உள்ளே போனது, பாதி இழுத்துக்கொள்ளாத பக்கம் வழிந்தது. துடைத்துத் துடைத்து ஊட்டினேன். கோப்பை முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கிளினிக்கில் எடை ஏறவில்லை, இறங்கவும் இல்லை. குழாயை இன்னொரு கிழமை பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர். அந்தக் கிழமை ஏறியது. குழாய்ப் பேச்சு நின்றது. மற்றப் பேச்சு திரும்பவில்லை. மிஸ் நம்பிக்கையாகத்தான் பேசுகிறது, ஆனால் முன்பு "வரும்" என்று சொன்ன பிள்ளை இப்போது "பார்ப்போம்" என்கிறது. காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு நான் பீலியைத் தாண்டும்போது ஒருவரும் கேலி பேசுவதில்லை. அந்த மௌனமும் ஒரு பாரம்தான்.

இப்போது எனக்கு முட்டை நன்றாக வருகிறது. கழுத்து வருகிறது, கை தோளிலிருந்து முளைக்கிறது. மடுவத்துப் பிள்ளைகள் உருளைக்கிழங்கு என்பதில்லை. ஆனால் வாய் மட்டும் நான் போடுவதில்லை. கண், மூக்கு, கொண்டை எல்லாம் போட்டு, வாய் இருக்கிற இடத்தை வெறுமையாக விட்டு, பென்சிலை அக்காவின் இடது கையில் கொடுப்பேன். சாப்பிடும் அக்காவுக்குச் சில நாள் மேலே வளைத்துப் போடுவாள், சில நாள் நேர்கோடு. ஊசி போட வருகிற நர்சுக்குப் பல்லோடு ஒரு பெரிய வாய் போட்டாள்; அன்றைக்கு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஒரு படம் மட்டும் அப்படியே கிடக்கிறது. கூடைக் கயிற்றைத் தலையில் போட்டு, கொழுந்து மலையில் நிற்கிற அக்கா. அவள் திரும்ப மலைக்குப் போக முடியாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்னால் கொடுத்தேன். பார்த்தாள், பென்சிலை எடுத்தாள், வைத்தாள். தலையணைக்குக் கீழே மடித்து வைத்துக்கொண்டாள். பாய் தட்டும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன். வாய் இன்னும் போடவில்லை.